வெப்காமிக் தேடுறது எப்படி, எடை போடுறது எப்படி: ஒரு முழு வழிகாட்டி

ரெண்டு வருஷம் முன்னாடி தீபாவளி லீவுக்கு அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான், அப்போ ப்ளஸ் ஒன். மூணு நாளும் கட்டை விரலால போனை மேல தள்ளிக்கிட்டே இருந்தான், சரி ரீல்ஸ்தான் பாக்குறான், நாலு வார்த்தை சொல்லி வைப்போம்னு பக்கத்துல போய் எட்டிப் பாத்தா சோலோ லெவலிங். "காமிக்ஸ் மாமா இது, நீங்க பரண் மேல மூட்டை கட்டி வெச்சிருக்கீங்களே, அதேதான்"ன்னான். அதே இல்லடா, என் பரண்ல இருக்கிறது சிவகாசி லயனும் முத்துவும், இது வேற ஜாதின்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவன் விடல. "சரி, இதுல எது நல்லது எது மொக்கைன்னு நீங்க சொல்லுங்க"ன்னான். சின்ன வயசுலேருந்து காமிக்ஸ் படிக்கிறவன் நான், எனக்கு பதில் வரல.

அந்த கடுப்புல வெப்காமிக், அதாவது இணையத்துலயே வர்ற காமிக்ஸ், தேட ஆரம்பிச்சதுதான். நிறைய படிச்சேன், அதைவிட நிறைய பாதியில தூக்கிப் போட்டேன். அதுல கத்துக்கிட்டதை வரிசையா எழுதுறேன், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு கொஞ்சம் நேரமாவது மிச்சமாகும்.

படி 1: முதல்ல எந்த வகைன்னு பாருங்க

வெப்காமிக்னு ஒரே பேரு, ஆனா உள்ள நாலஞ்சு வகை இருக்கு, ஒரு வகைக்கான அளவுகோலை இன்னொண்ணு மேல வெச்சா எல்லாமே மோசமாத்தான் தெரியும்.

முதல் வகை ஸ்ட்ரிப். நம்ம பேப்பர்ல வர்ற மூணு நாலு கட்டம் மாதிரி, ஒரு ஜோக்கு, முடிஞ்சது. ராண்டல் மன்ரோவோட எக்ஸ்கேசிடி 2005-லேருந்து குச்சி மனுஷங்களை வெச்சே ஓடுது. ரெண்டாவது பக்கம் பக்கமா வர்றது, புக்குல இருக்கிற மாதிரியே பக்கம், வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை ஒவ்வொரு பக்கமா வரும். டாம் சிடெல் 2005-ல ஆரம்பிச்ச கன்னர்க்ரிக் கோர்ட் அந்த வகை. மூணாவது ஸ்க்ரோல், மேலேருந்து கீழ தள்ளிக்கிட்டே படிக்கிறது, அதாவது வெப்டூன். கொரியாவுல டௌம் (Daum), நேவர்னு ரெண்டு பெரிய இணைய கம்பெனிங்க 2003, 2004 வாக்குல இதை ஆரம்பிச்சு வெச்சாங்க, இன்னைக்கு பசங்க படிக்கிறதுல பெரும்பாலும் இதுதான். நாலாவது கம்ப்யூட்டர்ல மட்டுமே சாத்தியமான வித்தைங்க, நடுவுல அனிமேஷன் ஓடும், பாட்டு வரும், கேம் வரும். ஆண்ட்ரூ ஹஸ்ஸியோட ஹோம்ஸ்டக் 2009 ஏப்ரல் 13-ல ஆரம்பிச்சு 2016 ஏப்ரல் 13-ல முடிஞ்சது, எட்டாயிரம் பக்கத்துக்கு மேல. அதுல நிறைய இடம் ஃப்ளாஷ்ன்ற பழைய அனிமேஷன் மென்பொருள்ல செஞ்சது, 2020 கடைசியில ஃப்ளாஷுக்கே மூடுவிழா நடந்துச்சு, அதனால அதை முழுசா படிக்க நிறைய பேர் ரசிகர்கள் சேத்து வெச்ச தொகுப்பைத்தான் தேடிப் போறாங்க.

குச்சி மனுஷனைப் பாத்து "கை சரியா வரையல"ன்னு சொல்றதும், ஸ்க்ரோல் காமிக்கைப் பாத்து "பக்க அமைப்பே இல்ல"ன்னு சொல்றதும் இட்லியில காரம் இல்லன்னு சண்டை போடுற மாதிரி.

படி 2: எங்க தேடுறது

எல்லாரும் முதல்ல வெப்டூன் ஆப்பைத்தான் இறக்குவாங்க, இறக்கட்டும், தப்பில்ல. ஆனா அதுல ரெண்டு வாசல் இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். ஒரிஜினல்ஸ்னு இருக்கிறது கம்பெனி காசு குடுத்து போடுறது. கேன்வாஸ்னு இருக்கிறது நீங்களும் நானும்கூட ஏத்தலாம். பாப்புலர் லிஸ்ட்ல முதல் பத்து இடத்தை மட்டும் பாத்தீங்கன்னா ஒரே கதையை பத்து தடவை படிச்ச மாதிரி இருக்கும்: பழி வாங்க மறுபிறவி எடுத்தவ, கடைநிலையிலேருந்து உச்சிக்குப் போறவன், பணக்கார பாஸ். லிஸ்ட் பொய் சொல்லல, ஏற்கனவே நிறைய பேர் படிச்சதைத்தான் மேல காட்டுது, அவ்வளவுதான். கேன்வாஸ்ல உங்களுக்குப் பிடிச்ச வகையைத் தேர்ந்தெடுத்து கீழ கீழ போங்க, பத்துக்கு எட்டு தேறாது, மீதி ரெண்டுக்காகத்தான் அந்த மெனக்கெடல். டாபாஸ்னு இன்னொரு ஆப் இருக்கு, அதுலயும் இதே கதைதான்.

ஆப்போட முடிச்சுக்காதீங்க. நல்ல ஆளுங்க பாதி பேர் இன்னமும் சொந்த சைட்டுலதான் போடுறாங்க. எனக்கு அதிகமா பலன் குடுத்த வழி ஒண்ணு இருக்கு. உங்களுக்குப் பிடிச்ச ஒரு காமிக் சைட்டுக்குப் போனா ஓரத்துலயோ கீழயோ "லிங்க்ஸ்"னு ஒண்ணு இருக்கும், அதை வரையிறவரு படிக்கிற மத்த காமிக்ஸ். ஒரு நல்ல சமையல்காரர் எந்த மெஸ்ஸுல சாப்பிடுறார்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிற மாதிரிதான். அங்கேருந்து இன்னொண்ணு, அங்கேருந்து இன்னொண்ணுன்னு போயிக்கிட்டே இருக்கலாம், ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் முழுக்க எனக்கு அப்படித்தான் போச்சு. ஸ்பைடர்ஃபாரஸ்ட் மாதிரி கூட்டா சேந்து நடத்துற குழுக்களும் இருக்கு, அங்க குப்பை கம்மி.

விருதுப் பட்டியலும் பாக்கலாம். அமெரிக்காவுல காமிக்ஸுக்குன்னே குடுக்கிற ஐஸ்னர் விருதுல 2005-லேருந்தே டிஜிட்டல் காமிக்குக்கு தனி பிரிவு இருக்கு. ஜெயிச்சதை மட்டும் பாக்காதீங்க, நாமினேஷன் லிஸ்டைப் பாருங்க, நல்ல விஷயங்க அங்கதான் கிடக்கும். ஜெயிக்கிறது பல நேரம் ஏற்கனவே எல்லாருக்கும் தெரிஞ்சதா இருக்கும்.

நம்ம ஊர்ப்பக்கம் வேணும்னா பெரும்பாலும் இன்ஸ்டாகிராம்லதான். ரோஹன் சக்கரவர்த்தியோட கிரீன் ஹ்யூமர், காட்டு விலங்குகளை வெச்சு 2010-லேருந்து வருது. ரச்சிதா தனேஜாவோட சானிட்டரி பேனல்ஸ், குச்சி மனுஷங்க, முழுக்க அரசியல். ஆர்த்தி பார்த்தசாரதியோட ராயல் எக்ஸிஸ்டென்ஷியல்ஸ்ல புதுசா படமே வரையல, பழைய முகலாய காலத்து ஓவியங்களை எடுத்து அந்த ராணிங்க வாயில இன்னைக்குப் பேச்சை வெச்சிருக்காங்க. ஓவியத்துல ஜன்னல் ஓரம் ஹூக்காவோட உக்காந்திருக்கிற ராணி எதைப் பத்தி சலிச்சுக்கிறான்னு படிச்சுட்டு அப்புறம் அந்த மாதிரி ஓவியத்தை மியூசியத்துல பாத்தா சிரிப்புதான் வரும்.

ஒண்ணு சொல்லிடுறேன், திருட்டு சைட்டுல படிச்சுட்டு தீர்ப்பு சொல்லாதீங்க. நீதி போதனை இல்ல இது. அங்க படத்தை அமுக்கி அமுக்கி கலரே செத்துப் போயிருக்கும், மொழிபெயர்ப்பு யாரோ அவசரத்துல செஞ்சது, நடுவுல கட்டத்துக்கு கட்டம் விளம்பரம். ஒரு தொடர்ல வசனம் மட்டமா இருக்குன்னு நான் ஒரு மாசம் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன், அப்புறம் ஆப்புல அதே எபிசோடைப் படிச்சா வசனமே வேற.

படி 3: எங்கேருந்து ஆரம்பிக்கிறது

முதல் எபிசோடுலேருந்துதானே? அங்கதான் நிறைய பேர் கவுந்துடுறாங்க. வெப்காமிக்கை ஒருத்தர் பத்து வருஷம் வரைவாரு, எல்லாரும் பாக்குற இடத்துலயே உக்காந்து வரையக் கத்துக்குவாரு. ஜெஃப் ஜாக்ஸோட க்வெஸ்சனபிள் கன்டென்ட் 2003-ல ஆரம்பிச்சது, ஐயாயிரம் ஸ்ட்ரிப் தாண்டிடுச்சு. முதல் ஸ்ட்ரிப்பையும் இப்போ வர்றதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒரே ஆள் வரைஞ்சதுன்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டீங்க.

அதனால நான் பண்றது இது: முதல் மூணு எபிசோட், நடுவுல எங்கயாவது ஒண்ணு, கடைசியா வந்தது ஒண்ணு. கதை கெட்டுப் போயிடுமேன்னு பயப்படுறவங்க நடுவுல படிக்க வேணாம், படத்தை மட்டும் ஓட்டிப் பாருங்க. மூணு கேள்விதான். முதல்லேருந்து இப்போ வரைக்கும் கை தேறியிருக்கா? முதல்ல இருந்த ஏதாவது ஒரு நல்லது நடுவுல காணாமப் போச்சா? கடைசி எபிசோடுல இருக்கிற ஆளுங்களுக்கு முதல் எபிசோடுல பாத்ததுக்கு அப்புறம் ஏதாவது நடந்திருக்கிற மாதிரி முகத்துல தெரியுதா?

ரெண்டாவது கேள்வி முக்கியம். சில பேருக்கு கை தேறத் தேற படம் வழுவழுன்னு ஆயிடும், உயிர் போயிடும். கன்னர்க்ரிக் கோர்ட் ஆரம்பத்துல தலை பெருசு, உடம்பு சிறுசு, எல்லாம் கோணல்மாணல். ஆனா முதல் அத்தியாயத்துலயே ஒரு பொண்ணு தனக்கு ரெண்டாவதா ஒரு நிழல் இருக்கிறதை கவனிக்கிறா, பயந்து கத்தல, அதை வீட்டுக்கு அனுப்பி வைக்க ஒரு ரோபோ செய்றா, அதை சாதாரண விஷயம் மாதிரி சொல்றா பாருங்க, அந்த நிதானம் இருந்தா கோணல் படம் பரவாயில்லன்னு எனக்குத் தோணிடுச்சு.

படி 4: ஒரு எபிசோடை மூணு தடவை படிங்க

கேக்க வேலை ஜாஸ்தியா தெரியும், மொத்தம் பதினஞ்சு நிமிஷம்தான். எல்லா காமிக்குக்கும் பண்ண வேணாம், இது தேறுமா தேறாதான்னு சந்தேகமா இருக்கிறதுக்கு மட்டும்.

முதல் தடவை வசனத்தைப் படிக்காதீங்க. படத்தை மட்டும் பாத்துக்கிட்டே போங்க. யார் யாரை விரும்புறா, யாருக்கு யார் மேல கோவம், எந்த இடத்துல நிலைமை மாறுச்சுன்னு உங்களுக்கே ஒரு கதை கிடைக்கணும். கிடைச்ச கதை தப்பா இருந்தாலும் பரவாயில்ல, ஏதோ ஒண்ணு கிடைக்கணும். எல்லா கட்டத்துலயும் மார்பளவு ரெண்டு தலை, ஒண்ணு இந்தப் பக்கம் பாக்குது ஒண்ணு அந்தப் பக்கம் பாக்குதுன்னு மட்டும் இருந்தா அது ரேடியோ நாடகம், படம் சும்மா கூட வந்திருக்கு.

ரெண்டாவது தடவை வசனம் மட்டும். வாய்விட்டுப் படிச்சா இன்னும் நல்லது, வீட்டுல யாரும் இல்லாதப்போ. பேரை மறைச்சா யார் பேசுறான்னு தெரியுதா? தெரியணும். எல்லாரும் ஒரே மாதிரி கிண்டலா பேசுறாங்கன்னா எழுதுறவர் ஒருத்தர்தான் பேசிக்கிட்டிருக்கார்.

மூணாவது தடவை ரெண்டையும் சேத்து. இப்போ ஒண்ணே ஒண்ணைத்தான் கவனிக்கணும், படம் சொன்னதையே வசனமும் சொல்லுதா? பொண்ணு அழுவுறா, பேச்சு பலூன்ல "எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு"ன்னு இருந்தா ஒரு வேலையை ரெண்டு பேர் பாக்குறாங்கன்னு அர்த்தம். பொண்ணு அழுதுக்கிட்டே "சாப்பிட்டியா?"ன்னு கேட்டா அங்க ஏதோ இருக்கு.

படி 5: படத்தை எடை போடுறது

"சூப்பரா வரைஞ்சிருக்கான்"னு சொல்றப்போ நாம பெரும்பாலும் சொல்றது அவன் பொறுமையா வரைஞ்சிருக்கான்னுதான். தலைமுடி ஒவ்வொண்ணா, துணி மடிப்பு, கண்ணுல நாலு வெளிச்சப் புள்ளி. அதெல்லாம் இருந்தும் கதை புரியாத பேனல், அதாவது கட்டம், இருக்கு, ஒண்ணுமே இல்லாம நெஞ்சுல அறையிற பேனலும் இருக்கு.

போனை வெச்சே ரெண்டு சோதனை பண்ணலாம். ஒரு பேனலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கேலரியில கருப்பு வெள்ளை ஃபில்டர் போடுங்க. எல்லாம் ஒரே சாம்பல் சேறா ஆயிட்டா கலர்தான் அத்தனை வேலையும் பாத்துக்கிட்டிருந்துச்சு, வெளிச்சமும் இருட்டும் எங்க வரணும்னு யாரும் யோசிக்கலன்னு அர்த்தம். அடுத்தது அதே பேனலை கட்டை விரல் நக அளவுக்கு சுருக்குங்க. யாரு, என்ன பண்றான்னு இன்னும் தெரியுதா? ஆளோட வெளிக்கோட்டை மட்டும் பாத்து பேர் சொல்ல முடியுதா? சண்டைக் காட்சியில இது ரொம்ப உதவும், பளபளன்னு வெடிக்கும், கோடு கோடா பறக்கும், சுருக்கிப் பாத்தா யார் யாரை அடிச்சான்னே தெரியாது.

கலரைப் பத்தி பேசும்போது ரேச்சல் ஸ்மைத்தோட லோர் ஒலிம்பஸை விட முடியாது. 2018-ல ஆரம்பிச்சு 2024-ல முடிஞ்சது, ஐஸ்னர் வாங்கினது, கிரேக்க புராணக் காதல் கதை. நாயகி பெர்செஃபோனி முழுக்க ரோஸ், நாயகன் ஹேடிஸ் முழுக்க நீலம், தோல் உட்பட. முதல்ல பாக்க விளையாட்டா தெரியும், கொஞ்ச நேரம் கழிச்சு புரியும், முகம் காட்டாமலேயே ஒரு நீலக் கை ஃப்ரேம்ல வந்தா யாருன்னு தெரிஞ்சுடுது, நீல ரூம்ல ரோஸ் ஒரு புள்ளியா நிக்கும்போது அவ எவ்வளவு அந்நியமா உணர்றான்னு வசனமே வேணாம். கதை நடுவுல இழுவைன்னு எனக்குத் தோணுச்சு, அதை மறைக்கல. ஆனா கலரை வேலைக்கு வெக்கிறது எப்படின்னு கேட்டா அதைத்தான் காட்டுவேன்.

பின்னணி. வாராவாரம் ஐம்பது அறுபது பேனல் கலர்ல தரணும்னா எல்லா ரூமையும் கையால வரைய முடியாது, ரெடிமேட் த்ரீடி மாடலை எடுத்து வெச்சுடுறாங்க. அது குத்தம் இல்ல. ஆளுங்க அந்த ரூம்ல நிக்கிறாங்களா இல்ல ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி மிதக்குறாங்களான்னு மட்டும் பாருங்க. காலை பாருங்க, கால் தரையில பதிஞ்சிருக்கான்னு பாத்தாலே பாதி தெரிஞ்சுடும். பின்னணியே இல்லாம இருக்கிறதும் குத்தம் இல்ல, ஆலிஸ் ஓஸ்மனோட ஹார்ட்ஸ்டாப்பர்ல முக்கால்வாசி கட்டம் வெறுமையாத்தான் இருக்கும், ரெண்டு பசங்க, சுத்தி நாலு இலை பறக்கும், அந்த வயசுல காதல் வந்தா பக்கத்துல இருக்கிற சுவர் கண்ணுக்குத் தெரியாதுன்றது சரிதானே.

முகம் எல்லாம் ஒரே அச்சா, முடியை மட்டும் மாத்தி வெச்சிருக்காங்களான்னு பாருங்க. எழுத்தையும் விட்டுடாதீங்க. பலூன் எந்த வரிசையில படிக்கணும்னு ஒரு நொடி தடுமாறினாலும் அது வரைஞ்சவரோட தப்பு, உங்க தப்பு இல்ல. ஆனா ஜப்பான் மாங்கா வலமிருந்து இடம்னு மறந்துட்டு திட்டக்கூடாது, அது உங்க தப்பு.

படி 6: நேரத்தை எப்படி கையாளுறாங்கன்னு பாருங்க

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

காமிக்ஸ்ல கதை நடக்கிறது கட்டத்துக்குள்ள இல்ல, ரெண்டு கட்டத்துக்கு நடுவுல இருக்கிற வெள்ளை இடத்துலன்னு ஸ்காட் மெக்லௌட்ன்ற அமெரிக்க காமிக்ஸ்காரர் 1993-ல ஒரு புக்குல வரைஞ்சே காட்டினாரு. முதல் கட்டத்துல ஒருத்தன் கோடாலியை ஓங்குறான். அடுத்த கட்டத்துல ராத்திரி நகரம், ஒரு அலறல் மட்டும். வெட்டு விழுந்ததை யாரும் வரையல. அதை உங்க மண்டைக்குள்ள நடத்தினது நீங்கதான். அதே மனுஷன் 2000-ல இன்னொண்ணு சொன்னாரு, கம்ப்யூட்டர் திரையை பக்கமா நினைக்காதீங்க, முடிவே இல்லாத ஒரு சுவரைப் பாக்குற ஜன்னலா நினைங்கன்னு. அப்போ நிறைய பேர் சிரிச்சாங்க. இன்னைக்கு பஸ்ல உக்காந்து கட்டை விரலால தள்ளுற ஒவ்வொருத்தரும் அதைத்தான் பண்றாங்க.

ஸ்க்ரோல்ல அந்த வெள்ளை இடம்தான் கடிகாரம். ரெண்டு பேனல் ஒட்டி இருந்தா டக்கு டக்குன்னு நடக்குது. நடுவுல ஒரு திரை அளவு காலி இடம் விட்டா மூச்சை இழுத்துப் பிடிக்கிறீங்க. எமிலி கேரல் 2010 ஹாலோவீன் அன்னைக்கு போட்ட ஹிஸ் ஃபேஸ் ஆல் ரெட்னு ஒரு சின்ன கதை இருக்கு, இலவசமா படிக்கலாம். ஒருத்தன் கூடப்பிறந்தவனைக் கொன்னு காட்டுல ஒரு குழியில போட்டுடுறான், கொஞ்ச நாள் கழிச்சு செத்தவன் ஊருக்குள்ள திரும்பி வர்றான். கடைசியில கொன்னவன் அந்தக் குழிக்குள்ள இறங்கிப் பாக்குறான். கருப்பு பின்னணி, சின்னச் சின்ன கட்டம், நடுவுல எல்லாம் இருட்டு. அவன் இறங்குறான், நீங்களும் விரலால இறங்குறீங்க, நிறுத்தலாம், நிறுத்த மாட்டீங்க. கீழ என்ன இருக்குன்னு நான் சொல்லல. அதை புக்குல அச்சடிச்சா பக்கத்தைத் திருப்பணும், இறங்குற அந்த உணர்வு இருக்காது.

இன்னொரு பக்கம் 2011-ல கொரியாவுல ஹோராங் போட்ட பாங்சியோன் டாங் பேய். ராத்திரி ஒரு பொண்ணு அப்பார்ட்மெண்ட் நடுவுல தனியா நடந்து வர்றா, முன்னாடி ஒருத்தி ஒரு மாதிரி நடந்து போறா. நீங்க மெதுவா தள்ளிக்கிட்டே வர்றீங்க, ஒரு இடத்துல பக்கம் தானா நகர ஆரம்பிச்சு அந்த உருவம் சட்டுனு திரும்புது. நான் போனைக் கீழ போட்டேன், ஸ்க்ரீன் கார்டு போச்சு. ஆனா ரெண்டாவது தடவை படிச்சா பயமில்ல, எமிலி கேரல் கதை அஞ்சாவது தடவையும் வயித்தைப் பிசையுது. வித்தைக்கும் கதைசொல்லலுக்கும் வித்தியாசம் பாக்கணும்னா இந்த ரெண்டையும் ஒரே நாள் படிங்க.

நேரத்தை வெச்சு விளையாடினதுலயே உச்சம்னா எக்ஸ்கேசிடியோட 1190-ஆவது ஸ்ட்ரிப், பேரு டைம். 2013 மார்ச் 25 அன்னைக்கு ஒரே ஒரு படம், கடற்கரையில ரெண்டு குச்சி மனுஷங்க உக்காந்திருக்காங்க. அவ்வளவுதான்னு நினைச்சுட்டு எல்லாரும் போயிட்டாங்க. அரை மணி நேரம் கழிச்சு படம் மாறிச்சு. அப்புறம் மறுபடி. மணல் கோட்டை கட்டுறாங்க, தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஏறுது, ஏன் ஏறுதுன்னு பாக்கக் கிளம்புறாங்க. கொஞ்ச நாள்ல மணிக்கு ஒண்ணுன்னு ஆச்சு, கிட்டத்தட்ட நாலு மாசம், மொத்தம் 3,099 படம், அடுத்த வருஷம் அறிவியல் புனைகதைக்குக் குடுக்கிற ஹியூகோ விருது. முகமே இல்லாத குச்சி மனுஷங்க, ஆனா தண்ணி ஏறுதுன்ற பயத்தை நாலு மாசம் உண்மையாவே காக்க வெச்சு ஊட்டினான். இப்போ அதை வேகமா ஓட்டிப் பாக்குற வசதி எல்லாம் இருக்கு, அப்போ காத்திருந்தவங்களுக்குக் கிடைச்சது நமக்குக் கிடைக்காது.

எக்ஸ்கேசிடி படிக்கும்போது மவுஸை படத்து மேல வெச்சா இன்னொரு வரி வரும், பாதி ஜோக்கு அங்கதான். எனக்கு இது தெரிய ஆறு மாசம் ஆச்சு.

படி 7: எழுத்தை எடை போடுறது

படமே இல்லாம எழுத்து எவ்வளவு தூரம் போகும்னு பாக்க ரயன் நார்த்தோட டைனோசர் காமிக்ஸ் பாருங்க. 2003-லேருந்து அதே ஆறு கட்டம், அதே டைனோசர் படம், மூணாவது கட்டத்துல அதே குட்டி வீட்டை மிதிக்கக் காலைத் தூக்கும், வசனம் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசு. ஒருத்தர் இருபது வருஷமா இதை ஓட்டுறாருன்னா வசனத்துல சரக்கு இருக்கணும். படிக்கும்போது கவனிங்க, மிதிக்கிற அந்த கட்டத்துல பேச்சு எப்பவும் ஒரு திருப்பத்துக்கு வந்து நிக்கும், மாறாத படத்தையே தாளமா வெச்சுக்கிட்டிருக்கார்.

தொடர்கதைன்னா வேற. முதல் எபிசோடுல உலகத்தோட வரலாறு, ஏழு ராஜ்யம், அஞ்சு சக்தி, ஆயிரம் வருஷம் முன்னாடி நடந்த போர்னு ஆரம்பிச்சா நான் இறங்கிடுவேன். ஒரு ஆளு, அவனுக்கு ஒரு தேவை, குறுக்க ஒரு தடை, இது போதும் எனக்கு.

எபிசோட் கடைசியில தொங்க விடுறதைத் தனியா கவனிங்க. கதவு திறக்குது, "நீயா?"ன்னு அதிர்ச்சி, தொடரும். அடுத்த வாரம் பாத்தா கூரியர்காரன். ஒரு தடவை மன்னிக்கலாம், மூணு தடவை பண்ணினா உங்களை ஏமாத்துறான். நல்ல தொங்கல்னா அடுத்த எபிசோட் வந்ததுக்கு அப்புறமும் அந்தக் கேள்வி இன்னும் பெருசாகும். ஆப்புல காயின் குடுத்தா அடுத்த எபிசோட் முன்னாடியே படிக்கலாம்னு இருக்கிற இடத்துல இந்த ஏமாத்து வேலை ஜாஸ்தி, காரணம் சொல்லவே வேணாம்.

அக்கா பையன் படிச்ச சோலோ லெவலிங்குக்கு வருவோம். சுகோங் எழுதின நாவல், 2018-லேருந்து ஜாங் சங்-ராக் டுபுன்ற பேர்ல தன் ஸ்டுடியோவோட சேந்து வரைஞ்சாரு, 2022-ல அவர் இறந்துட்டாரு. அந்த கருப்பும் ஊதாவும், நிழலுக்குள்ளேருந்து படையே எழுந்து வர்ற அந்த நீள ஸ்க்ரோலும், அதை எல்லாம் போன்ல இப்படி பண்ணலாமான்னு வாயைப் பொளந்து பாத்தேன். ஆனா சுத்தி இருக்கிற ஆளுங்க? ஹீரோ எவ்வளவு பெரிய ஆளுன்னு வியக்குறதுக்கு மட்டும் சம்பளம் வாங்குற மாதிரி இருக்காங்க. பையன்கிட்ட சொன்னேன், ஒரு நாள் பேசல.

படி 8: ஒரே கதை, ரெண்டு கை

இந்தப் பயிற்சியை மட்டும் தவற விடாதீங்க. ஒன்-பஞ்ச் மேன், ஒன்ன்ற புனைபேர் வெச்ச ஜப்பான்காரர் 2009-ல சொந்தமா இணையத்துல போட ஆரம்பிச்சது. படம் ஸ்கூல் பையன் நோட்டு கடைசி பக்கத்துல கிறுக்கின மாதிரி இருக்கும். 2012-ல யூசுகே முராட்டான்ற பெரிய கைக்காரர் அதே கதையை திரும்ப வரைய ஆரம்பிச்சாரு. அதனால ஒரே காட்சி ரெண்டு கையில கிடைக்குது, இப்படி வாய்ப்பு வேற எங்கயும் சுலபமா அமையாது.

முதல் சண்டையை ரெண்டுலயும் எடுங்க. முராட்டா கையில ராட்சசன் உண்மையாவே ராட்சசன், இடிஞ்ச கட்டடத்துல கம்பி வரைக்கும் எண்ணலாம், பயம் நிஜமா வருது, அப்புறம் ஒரே குத்துல முடியுது, அந்த ஏமாற்றம்தான் ஜோக்கு. ஒன் கையில ராட்சசனே கோணல், ஹீரோ முகம் ஒரு முட்டை, ரெண்டு புள்ளி கண்ணு, ஒரு கோடு. அந்த முட்டை முகத்துல இருக்கிற சலிப்பு முராட்டாவாலகூட முழுசா கொண்டு வர முடியலன்றது என் அபிப்ராயம், முராட்டா ரசிகர்கள் அடிக்க வருவாங்க, வரட்டும். அந்தக் கிறுக்கலை வெச்சே ஜப்பான்ல அவ்வளவு பேர் படிச்சாங்கன்னா எந்தக் கட்டத்துல எதைக் காட்டணும், எங்க சும்மா இருக்கணும்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு. முராட்டா வரைஞ்சதுலயும் அந்த எலும்புக்கூடு அப்படியே இருக்கு.

படி 9: நீண்ட ஓட்டத்தைப் பாருங்க, அப்புறம் எழுதி வைங்க

கடைசியா எப்போ அப்டேட் ஆச்சுன்னு பாருங்க. எட்டு மாசம் முன்னாடின்னா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க. ஒரு அழகான கேன்வாஸ் தொடரை முதல் எபிசோட் படத்தைப் பாத்தே ஆபீஸ்ல நாலு பேருக்கு பரிந்துரை பண்ணினேன், முப்பதாவது எபிசோட்ல நின்னுச்சு, அதோட சரி, அந்த நாலு பேரும் இன்னைக்கு வரைக்கும் நான் சொல்ற எதையும் படிக்கிறதில்ல. தனி ஆளா வேலைக்குப் போய்க்கிட்டே வரையிறவங்க நிறுத்தினா கோவிச்சுக்க முடியாது, ஆனா பரிந்துரை பண்றதுக்கு முன்னாடி பாத்துக்கலாம். சொந்த சைட்டுல வர்றதுக்கு புதுசா வந்ததை தானா காட்டுற ஆர்எஸ்எஸ் ரீடர்ன்ற ஆப்புல போட்டு வைங்க, பழைய காலத்து சமாச்சாரம்தான், இதுக்கு அதைவிட நல்லது இல்ல.

ஒரு சின்ன நோட்டு வைங்க, போன் நோட்ஸ் போதும். ஸ்டார் எல்லாம் குடுக்காதீங்க. ஒரு காமிக்குக்கு ரெண்டே வரி: எந்த ஒரு பேனல் இன்னும் கண்ணுல நிக்குது, எந்த இடத்துல கை தானா வேகமா தள்ளிடுச்சு. ரெண்டாவது வரி பொய் சொல்லாது, விரல் வேகமா தள்ளுதுன்னா அங்க கதை செத்துடுச்சு. ஆறு மாசம் கழிச்சு திருப்பிப் பாத்தா உங்க ரசனை எதுன்னு உங்களுக்கே தெரியும், எனக்கு சண்டை பிடிக்கும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன், நோட்டைப் பாத்தா கண்ணுல நின்ன பேனல் எல்லாம் யாரோ ஒருத்தர் சும்மா உக்காந்திருக்கிறது.

இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிக்கணும்னா டைனோசர் காமிக்ஸ் பத்து, எக்ஸ்கேசிடி டைம் ஒரு தடவை, எமிலி கேரல் கதை ஒண்ணு, மொத்தம் ஒரு மணி நேரம்கூட ஆகாது, எல்லாமே இலவசம். கொரியா பேயை மட்டும் அப்பார்ட்மெண்ட்ல இருக்கிறவங்க பகல்ல படிங்க, போனுக்கு பின்னாடி கவர் போட்டுட்டு.